ராக் பாட்டுகளின் பிறப்புக் கதைகள்: எதை நம்பலாம்?

கேள்வி இது: ஈகிள்ஸின் ஹோட்டல் கலிஃபோர்னியா சாத்தான் வழிபாட்டைப் பற்றிய பாட்டா? லெட் ஜெப்லினின் காஷ்மீர் நம் காஷ்மீரைப் பற்றியதா? பீட்டில்ஸின் லூசி பாட்டு போதை மருந்தைப் பற்றியதா? இந்த மாதிரிக் கதைகளில் எதை நம்புவது, எதை விடுவது?

முதல் மூன்றுக்கும் ஒரே பதில்: இல்லை. நான்காவதற்குத்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

கல்லூரி விழாக்களில் இசை வினாடி வினா நடத்திப் பழகியவன் நான். கேள்வி தயாரிக்கும்போது ஒரு கதை காதில் விழுந்தால் முதலில் தேடுவது, கையில் பிடிக்கிற மாதிரி ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்பதைத்தான். ஒரு சுவரொட்டி, ஒரு ஒலிநாடா, எரிந்துபோன கட்டடம், நீதிமன்றத் தீர்ப்பு, ஏதாவது ஒன்று. பாடகர் பேட்டியில் சொன்னது மட்டும்தான் ஆதாரம் என்றால் பாதி நம்புவேன். யாரோ யாரிடமோ சொன்னதாக வந்தால் டீ குடிக்கும்போது பேச வைத்துக்கொள்வேன்.

ஹோட்டல் கலிஃபோர்னியாவிலிருந்தே தொடங்குவோம். கிடார் கற்கப் போகிற பாதிப் பேர் இதை வாசிக்கத்தான் போகிறார்கள், அதனால் வதந்தியும் இதைச் சுற்றித்தான் அதிகம். அது பழைய சாத்தான் கோயில், உறைப்படத்தில் மாடத்தில் நிற்கிற நிழல் அந்தக் கோயிலின் தலைவர், இல்லையில்லை அது மனநல மருத்துவமனை, இப்படிப் போகும். உறையில் இருப்பது பெவர்லி ஹில்ஸ் ஹோட்டல். சினிமாக்காரர்கள் தங்கும் விலை உயர்ந்த விடுதி, அவ்வளவுதான்.

பாட்டு ஹோட்டலில் பிறக்கவே இல்லை. கிடார் கலைஞர் டான் ஃபெல்டர் மாலிபு கடற்கரையில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில், 12 கம்பி கிடாரில் ஒரு சுற்று வாசித்துப் பார்த்து, பின்னறையில் இருந்த சின்ன ரெக்கார்டரில் பதிந்து, கேஸட்டாக மற்றவர்களிடம் கொடுத்தார். வரிகள் கிடையாது. தாளத்தில் கொஞ்சம் ரெகே, கிடாரில் கொஞ்சம் ஸ்பானிய வாடை. ஆகவே குழுவுக்குள் அதன் பெயர் "மெக்சிகன் ரெகே". டான் ஹென்லியும் கிளென் ஃப்ரையும் பிறகுதான் பாலைவனச் சாலை, விடுதி, வெளியேற முடியாத விருந்தாளி என்று வரிகளை எழுதினார்கள். லாஸ் ஏஞ்சலஸின் பணமும் பகட்டும் ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு விடாமல் வைத்திருப்பதைத்தான் பாடினோம் என்று ஹென்லி பல முறை சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பிடித்த பகுதி அதற்கு அப்புறம் நடந்தது. 1976-ல் மயாமியின் கிரைட்டீரியா ஸ்டுடியோவில் கடைசி கிடார் தனியைப் பதிய ஃபெல்டரும் ஜோ வால்ஷும் உட்கார்கிறார்கள். மனம் போனபடி வாசிக்கத் தொடங்கியதும் ஹென்லி நிறுத்திவிட்டார். கேஸட்டில் என்ன இருந்ததோ அதுதான் வேண்டும் என்று பிடிவாதம். கேஸட்டோ நாட்டின் மறு கோடியில், வீட்டில் கிடக்கிறது. ஃபெல்டர் தன் வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொள்கிற பணிப்பெண்ணுக்குப் போன் போட்டார். அவர் கேஸட்டைத் தேடியெடுத்து, டேப் ரெக்கார்டரில் போட்டு, ரிசீவரை அதன் முன்னால் பிடித்தார். தொலைபேசியில் கேட்டுத் தன் வாசிப்பைத் தானே மறுபடி பாடம் செய்துகொண்டு வாசித்ததுதான் இன்று உலகமே முணுமுணுக்கிற அந்த இரட்டை கிடார்.

சாத்தான் விஷயத்துக்கு ஒரு பின்குறிப்பு. அதே ஸ்டுடியோவில் அப்போது அடுத்த அறையில் பதிவு செய்துகொண்டிருந்தது, சாத்தானைத் தொட்டுப் பாடுவதற்குப் பேர்போன பிளாக் சப்பாத் குழு. அவர்களுடைய சத்தம் சுவரைத் தாண்டி வந்து ஈகிள்ஸ் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. இந்தப் பாட்டுக்கும் சாத்தானுக்கும் எனக்குத் தெரிந்து இருந்த நெருக்கம் அந்தச் சுவரின் தடிமன் அளவுதான்.

சாத்தான் நிஜமாகவே வருகிற பாட்டு வேண்டுமென்றால் ரோலிங் ஸ்டோன்ஸிடம் போக வேண்டும். "சிம்பதி ஃபார் தி டெவில்" பாட்டில் சாத்தான் கண்ணியமான கனவானாக வந்து தன்னை அறிமுகம் செய்துகொள்வான். ரஷ்ய எழுத்தாளர் மிகயீல் புல்ககோவின் "மாஸ்டரும் மார்கரீட்டாவும்" நாவலில் மாஸ்கோவுக்கு வருகிற சாத்தானின் சாயல் அது. நாவலை ஸ்டோன்ஸின் பாடகர் மிக் ஜாகரிடம் கொடுத்தவர் பாடகி மரியான் ஃபெய்த்ஃபுல். லண்டனில் 1968 ஜூனில் ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தபோது ராபர்ட் கென்னடி சுடப்பட்டார். கென்னடியைக் கொன்றது யார் என்று ஒருமையில் இருந்த வரி கென்னடிகள் என்று பன்மையானது. அந்த நாட்களில் பிரெஞ்சு இயக்குநர் கோதார் அதே ஸ்டுடியோவில் படம்பிடித்துக்கொண்டிருந்ததால், மெதுவான பாட்டாகத் தொடங்கி சாம்பா தாளத்துக்கு அது மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். நான் கேட்கிற ஆதாரம் இந்த மாதிரி.

காஷ்மீரில் நானே மாட்டியிருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு கல்லூரியில், "இந்தியாவின் எந்தப் பகுதியைச் சுற்றிப் பார்த்துவிட்டு லெட் ஜெப்லின் இந்தப் பாட்டை எழுதியது?" என்று பந்தாவாகக் கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அண்ணா, அவங்க அங்க போனதே இல்லையே" என்றாள். அரங்கமே சிரித்தது. அவளுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினேன்.

அவள் சொன்னதுதான் சரி. குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட் அந்த வரிகளை எழுதியது 1973-ல் மொரோக்கோவின் தெற்கே, சஹாராவின் ஓரமாக டான்டான் ஊரை நோக்கிப் போகிற சாலையில். இரு பக்கமும் மணற்பாறை மேடு, நடுவில் முடிவே இல்லாமல் ஒற்றைச் சாலை. எழுதும்போது குழுவில் ஒருவரும் காஷ்மீரை மிதித்ததில்லை. எட்டாத தூரத்தில் இருக்கிற இடத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அவ்வளவு தூரத்துக்கு அந்தப் பெயர் போதும் என்று தோன்றியிருக்கிறது. இந்தியத் தொடர்பு துளியும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பிளான்டும் கிடார் கலைஞர் ஜிம்மி பேஜும் 1972-ல் பம்பாயில் நம் ஸ்டுடியோ கலைஞர்களை வைத்துத் தங்கள் பாட்டுகள் இரண்டைப் பதிந்து பார்த்தார்கள். அது 2015-ல்தான் அதிகாரபூர்வமாக வெளிவந்தது.

இந்தப் பாட்டில் பூகோளத்தைவிடக் கணக்கு சுவாரசியம். டிரம்ஸில் ஜான் பான்ஹம் நான்கு நான்காக நேராகப் போவார். அதன் மேல் கிடாரும் மற்ற வாத்தியங்களும் மூன்று மூன்றாக ஏறும். கையால் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். ஒவ்வொரு 12 எண்ணிக்கைக்கும் இரண்டும் ஒன்றாக வந்து விழும். சதுஸ்ரத்துக்கு மேல் திஸ்ரம் வைத்துப் பழகிய மிருதங்க மாணவனுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. சாலை நகர்கிறது, காட்சி மட்டும் மாறவே மாட்டேன் என்கிறது என்ற உணர்வு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், வரிகளைவிட இந்தக் கணக்கிலிருந்துதான் என்பேன்.

லூசி கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஜான் லெனானின் மகன் ஜூலியன் மழலையர் பள்ளியிலிருந்து ஒரு ஓவியத்தோடு வந்தான். என்ன இது என்று அப்பா கேட்டதற்கு, தன்னோடு படிக்கிற லூசி வைரங்களோடு வானத்தில் இருக்கிறாள் என்றான். அதுவே தலைப்பாயிற்று. ஆங்கிலத் தலைப்பின் முதலெழுத்துகள் எல்.எஸ்.டி. என்ற போதை மருந்தின் பெயராக வருவதைப் பாட்டு வெளிவந்த பிறகே கவனித்ததாக லெனான் கடைசிவரை சொன்னார். மற்ற பாட்டுகளில் போதையை ஒளிக்காத மனிதர் இதில் மட்டும் பொய் சொல்லக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. ஆழ்ந்த கதை அதற்கு அடுத்தது. 1974-ல் எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில் சுமார் 32 லட்சம் ஆண்டு பழைய எலும்புக்கூடு கிடைத்த இரவு, ஆய்வாளர்களின் முகாமில் இந்தப் பாட்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. எலும்புக்கூட்டுக்கு லூசி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தின் ஒரு மழலையர் வகுப்புப் பிள்ளையின் பெயர் மனித குலத்தின் மூத்த உறவினருக்குப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

கையில் பிடிக்கிற ஆதாரம் என்றேன் அல்லவா, அதற்குத் தலைசிறந்த உதாரணம் லூசி பாட்டு வந்த அதே இசைத்தட்டில் இருக்கிறது: "பீயிங் ஃபார் தி பெனிஃபிட் ஆஃப் மிஸ்டர் கைட்". 1967 ஜனவரியில் பீட்டில்ஸ் ஒரு படப்பிடிப்புக்காகக் கென்ட் மாவட்டத்தின் செவனோக்ஸ் ஊருக்குப் போயிருந்தார்கள். இடைவேளையில் லெனான் பக்கத்துப் பழம்பொருள் கடைக்குள் நுழைந்து ஒரு சர்க்கஸ் சுவரொட்டியை வாங்கினார். 1843 பிப்ரவரி 14, செவ்வாய்க்கிழமை, ராச்டேல் ஊரில் பாப்லோ ஃபான்க்கின் சர்க்கஸ். அன்றைய காட்சியின் பலன் கைட் என்ற கலைஞருக்கு என்று அதில் போட்டிருந்தது. ஃபான்க் இங்கிலாந்தின் நாரிச்சில் பிறந்த கறுப்பினத்தவர். அந்தக் காலத்திலேயே சொந்தமாக சர்க்கஸ் வைத்து ஊர் ஊராக நடத்தியவர்.

சுவரொட்டியையும் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லெனானின் கை எங்கெல்லாம் பட்டிருக்கிறது என்று தெரியும். சுவரொட்டியில் ஹெண்டர்சன் தரையில் 21 குட்டிக்கரணம் அடிப்பார். பாட்டில் அது 10. சுவரொட்டியில் உலகத்துக்கே சவால் விடுவது ஹெண்டர்சன், பாட்டில் கைட். குதிரையின் பெயர் ஜான்தஸ். அது ஹென்றி ஆகிவிட்டது. ராச்டேலில் செவ்வாய்க்கிழமை நடக்க வேண்டியது பிஷப்ஸ்கேட்டில் சனிக்கிழமைக்கு மாறியது. வளையங்களுக்குள் பாய்வது, நிஜ நெருப்பு எரிகிற பீப்பாய்க்குள் புகுந்து வருவது எல்லாம் அச்சில் இருந்தபடியே வந்திருக்கிறது. ஹென்றி என்றால் ஹெராயின் என்று ஆராய்ச்சி செய்தவர்களும் உண்டு. அபத்தம் என்று லெனான் ஒதுக்கிவிட்டார். ஆராய்ந்தவர்கள் சுவரொட்டியை ஒருமுறை படித்திருந்தால் இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம்.

பாட்டைக் கேட்டால் மரத்தூள் வாசனை வர வேண்டும் என்பது லெனான் கேட்டுக்கொண்டது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் நீராவி ஆர்கன் பதிவுகளைத் தேடியெடுத்து, நாடாவைத் துண்டு துண்டாக வெட்டச் சொல்லி, துண்டுகளை மேலே வீசி, கீழே விழுந்தபடி பொறுக்கி ஒட்டச் சொன்னார். சில துண்டுகள் தலைகீழாக ஒட்டின. நடுவில் வருகிற அந்தத் தலைசுற்றும் திருவிழாச் சத்தம் அப்படிக் கிடைத்தது.

இனி எரிந்துபோன கட்டடம். டீப் பர்ப்பிள் குழுவின் "ஸ்மோக் ஆன் தி வாட்டர்" பாட்டுக்குப் பின்னால் மறைபொருள் எதுவுமே கிடையாது. அன்றைக்கு நடந்ததை வரிசையாக, கிட்டத்தட்ட செய்தி வாசிப்பது மாதிரி சொல்கிறது.

1971 டிசம்பர் தொடக்கத்தில் குழு சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ ஊருக்கு வந்து இறங்கியது. ஜெனிவா ஏரிக்கரை ஊர். ரோலிங் ஸ்டோன்ஸுக்குச் சொந்தமான, லாரிக்குள் கட்டிய நடமாடும் ஒலிப்பதிவுக் கூடத்தை வாடகைக்கு எடுத்துவந்திருந்தார்கள். ஊரின் கேசினோ கட்டடம் குளிர்காலத்துக்கு மூடப்படும், மூடியதும் உள்ளே உட்கார்ந்து இசைத்தட்டைப் பதிவது என்று ஏற்பாடு. மூடுவதற்கு முன் கடைசியாக ஒரே ஒரு கச்சேரி பாக்கி: டிசம்பர் 4, ஃபிராங்க் ஜாப்பாவும் அவருடைய மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன் குழுவும்.

கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போது கூட்டத்தில் இருந்த எவனோ ஒருவன் கூரையைப் பார்த்து அவசரகாலச் சுடர்த் துப்பாக்கியைச் சுட்டுவிட்டான். கூரை பற்றிக்கொண்டது. ஜாப்பா மேடையிலிருந்தே பதறாமல் எல்லோரையும் வெளியேறச் சொன்னார். மோந்த்ரோ ஜாஸ் விழாவை நிறுவிய க்ளோட் நோப்ஸ் உள்ளே ஓடி ஓடிப் பிள்ளைகளை வெளியே இழுத்துவந்தார். பாட்டில் "ஃபங்கி க்ளோட்" என்று வருவது அவர்தான். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கட்டடம் முழுக்கப் போயிற்று, ஜாப்பா குழுவின் வாத்தியங்களும் போயின. தீ என்று கூச்சல் எழுகிற அந்த நேரம் பார்வையாளர் ஒருவரின் நாடாவில் பதிவாகி, பின்னாளில் இசைத்தட்டாகவே வந்தது. ஜாப்பாவுக்கு அந்த மாதம் அதோடு விடவில்லை. ஆறே நாள் கழித்து லண்டன் மேடையில் ஒருவன் அவரைக் கீழே தள்ளிவிட, மாதக்கணக்கில் சக்கர நாற்காலியில் இருந்தார்.

டீப் பர்ப்பிள் ஆட்கள் விடுதி ஜன்னலிலிருந்து, எரிகிற கட்டடத்தின் புகை ஏரிமேல் படர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு ஒரு காலையில் பேஸ் கிடார் கலைஞர் ராஜர் குளோவர் தூக்கம் கலைகிற நேரத்தில் தலைப்பைத் தானே உரக்கச் சொல்லிக்கொண்டு எழுந்தார். நல்ல தலைப்புத்தான், ஆனால் கஞ்சாப் பாட்டு மாதிரி இருக்கிறதே என்று குழுவில் ஒரு தயக்கம்.

கூடம் போய்விட்டது, லாரி மட்டும் நிற்கிறது, வாடகை ஓடுகிறது. நோப்ஸ் பவிலியன் என்ற பழைய அரங்கைப் பிடித்துக் கொடுத்தார். ரிச்சி பிளாக்மோர் அந்தப் புகழ்பெற்ற கிடார் வரியை எடுத்து, அதன் மேல் இசையைப் பதிந்துகொண்டிருந்தபோதே, ஊர் தூங்க முடியவில்லை என்று போலீஸ் வந்துவிட்டது. உதவியாளர்கள் உள்ளிருந்து கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே போலீஸ் தட்டத் தட்ட, உள்ளே அந்தப் பதிவை முடித்தார்கள். இப்போது நாம் கேட்பது அதைத்தான். வேறு எதையும் பதிய முடியாமல் துரத்தப்பட்டார்கள்.

கடைசியில் அடைக்கலம் கொடுத்தது குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டல். தாழ்வாரத்தில் மெத்தைகளை நிறுத்தி வைத்துக் கூடம் ஆக்கினார்கள். வாசித்ததைக் கேட்டுப்பார்க்க லாரிக்குப் போக வேண்டும் என்றால் அறை, பால்கனி, மறுபடி அறை என்று சுற்ற வேண்டியிருந்ததால் கேட்டுப்பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் இசைத்தட்டில் சில நிமிடங்கள் குறைகின்றன. அப்போதுதான் பவிலியனில் பதிந்து போட்டது ஞாபகம் வந்து, நடந்த கதையையே வரிகளாக எழுதி மேலே பாடிவிட்டார்கள். குழுவுக்கு அதன் மேல் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. இசைத்தட்டு 1972 மார்ச்சில் வந்தபோது தனிப்பாட்டாக வெளியிட்டது வேறொன்றை. அமெரிக்காவில் இதைத் தனியாக வெளியிட்டது 1973-ல்தான். நான்காம் இடம் வரை போயிற்று. மோந்த்ரோ ஏரிக்கரையில் இன்று அந்தக் கிடார் வரியின் ஸ்வரங்களோடு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது.

இன்னொரு விஷயம். கிடார் கடையில் சோதித்துப் பார்க்கிற பையன்கள் எல்லோரும் இந்த வரியைப் பிக் என்ற சின்னத் தகட்டை வைத்து, பவர் கார்டாக, அதாவது கம்பிகளைச் சேர்த்து ஒரே வீச்சில் அடிப்பார்கள். பிளாக்மோர் விரலால்தான் மீட்டினார், இரண்டிரண்டு கம்பியாக, ஒரே நேரத்தில். அப்படி வாசித்தால் மட்டுமே அந்தக் கடினமான, வெட்டினாற்போன்ற ஒலி வரும்.

தூக்கத்தில் வந்த தலைப்பு என்றதும் தூக்கத்தில் வந்த இரண்டு மெட்டுகளைச் சொல்ல வேண்டும். இரண்டும் 1965-ல் வெளிவந்தவை. ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் ஒரு காலையில் எழுந்து பார்த்தால், படுக்கை அருகே இருந்த சின்ன பிலிப்ஸ் டேப் ரெக்கார்டரில் நாடா கடைசிவரை ஓடியிருக்கிறது. போட்டுக் கேட்டால் "சாட்டிஸ்ஃபேக்‌ஷன்" பாட்டின் கிடார் வரி கொஞ்ச நேரம், அப்புறம் முழுக்கக் குறட்டை. இது நடந்தது அமெரிக்காவில் ஃபுளோரிடா விடுதியில் என்று ஒரு கதை பரவலாக உண்டு. தன்வரலாற்றில் லண்டன் வீடு என்கிறார் அவரே. ஊர் எதுவானாலும் குறட்டை கதையை நான் நம்புகிறேன். பெருமைக்காகச் சொல்கிறவன் குறட்டையைச் சேர்த்துக்கொள்ள மாட்டான். அந்த வரியை டிரம்பெட், சாக்ஸஃபோன் வகையறாக்கள் ஊத வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். ஒலியைக் கரகரக்க வைக்கிற பெட்டியில் கிடாரைச் செருகிப் பதிந்தது சும்மா ஓர் அடையாளத்துக்கு. அவர் சம்மதிக்காமலே அது அப்படியே வெளியாகி முதலிடம் பிடித்தது. அதே வருடம் ஓட்டிஸ் ரெடிங் ஊதுகுழல்களோடு பாடி வெளியிட்டார். ரிச்சர்ட்ஸின் மனதில் இருந்தது எது என்று அதைக் கேட்டால் தெரியும்.

இன்னொன்று பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியுடைய "எஸ்டர்டே". லண்டன் விம்போல் தெருவில், அன்றைய காதலி வீட்டு மாடியறையில் தூங்கி எழுந்தபோது முழு மெட்டும் தலையில் இருந்தது. வார்த்தை வரும்வரை முட்டைப் பொரியலை வைத்து ஒப்பேற்றினார்: "ஸ்கிராம்பிள்டு எக்ஸ்" என்றுதான் கொஞ்ச காலம் பாடிக்கொண்டிருந்தார். ஆனால் அவருக்கு ஒரு பயம். இவ்வளவு சுலபமாக வந்தது என்றால் யாருடைய பாட்டோ ஆக இருக்க வேண்டும். வாரக்கணக்கில் பார்க்கிறவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டி, இது எங்கேயாவது கேட்ட மாதிரி இருக்கிறதா என்று விசாரித்தார். காணாமல் போன பொருளை போலீஸில் ஒப்படைத்த மாதிரி, உரியவர் யாரும் வராததால் நானே வைத்துக்கொண்டேன் என்பார்.

அதே குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் அப்படி விசாரிக்காமல் மாட்டிக்கொண்டார். 1970-ல் வந்த "மை ஸ்வீட் லார்ட்" பாட்டை நம் ஊரில் பலர் அறிவார்கள். பின்குரலில் ஹரே கிருஷ்ணாவும், பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் நாம் சொன்ன "குருர் பிரம்மா குருர் விஷ்ணு" சுலோகமும் வரும். "ஓ ஹேப்பி டே" என்ற தேவாலயப் பாட்டுதான் தூண்டுதல் என்று ஹாரிசன் சொன்னார். 1963-ல் ஷிஃபான்ஸ் பாடிய "ஹி இஸ் சோ ஃபைன்" பாட்டின் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1976-ல் நியூயார்க் நீதிபதி, திருடும் எண்ணம் இல்லை, ஆனால் அறியாமலே நினைவிலிருந்து எடுத்திருக்கிறார் என்று தீர்ப்பளித்தார். பாட்டு எங்கிருந்து வந்தது என்பதில் பாட்டை எழுதியவரின் சாட்சியமே செல்லாமல் போன சுவையான இடம் இது.

ஹாரிசனின் வீட்டிலேயே இன்னொரு பாட்டின் வேர் இருந்தது. அவர் மனைவி பாட்டி பாய்டை நண்பர் எரிக் கிளாப்டன் காதலித்தார். யாரிடமும் சொல்ல முடியாத நிலையில், 12-ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிஞர் நிஜாமியின் லைலா மஜ்னு கதையை ஒரு நண்பர் அவருக்குக் கொடுத்தார். 1970-ல் "லைலா" வந்தது. அதன் பிற்பாதியில் வருகிற பியானோப் பகுதி, டிரம்ஸ் கலைஞர் ஜிம் கார்டனின் பெயரில் இருக்கிறது. அந்த மெட்டை உண்மையில் அமைத்தது பாடகி ரீட்டா கூலிட்ஜ் என்று அவரும் சொல்கிறார், கிளாப்டனின் குழுவில் இருந்த பாபி விட்லாக்கும் சொன்னார். இசைத்தட்டில் கூலிட்ஜின் பெயர் கிடையாது.

பெயர் இல்லாமல் போவதென்றால் "ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்" பாட்டைவிட வேறு உதாரணம் வேண்டாம். 1964-ல் அனிமல்ஸ் என்ற ஆங்கிலேயக் குழு பாடியதுதான் நமக்குத் தெரியும். எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. 1933-ல் க்ளாரன்ஸ் ஆஷ்லி பாடிய இசைத்தட்டு இருக்கிறது. அவர் தாத்தாவிடம் கற்றதாகச் சொன்னார். 1937-ல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் கென்டக்கியின் மிடில்ஸ்பரோ ஊரில், சுரங்கத் தொழிலாளியின் மகளான 16 வயது ஜார்ஜியா டர்னர் பாடக் கேட்டுப் பதிந்தார். அதில் பாடுகிறவள் சீரழிந்த பெண், குடிகாரன் அவளுடைய காதலன். அனிமல்ஸ் அவளை ஆணாக்கி, காதலனுக்குப் பதில் சூதாடி அப்பாவை வைத்துவிட்டார்கள். நியூ ஆர்லியன்ஸில் அந்த வீடு எது என்று தேடினால் ஒன்றுக்கு நான்கு கட்டடம் காட்டுவார்கள்.

நடுவில் நடந்தது நல்ல வேடிக்கை. நியூயார்க்கில் டேவ் வான் ராங்க் தனக்கென்று ஒரு பாணியில் இதைப் பாடிவந்தார். அந்தப் பாணியை பாப் டிலன் தன் முதல் இசைத்தட்டில் பதிந்துவிட்டார். அதன் பிறகு வான் ராங்க் பாடினால், டிலனைக் காப்பி அடிக்கிறார் என்றார்கள். வெறுத்துப்போய்ப் பாடுவதை நிறுத்தினார். அடுத்து அனிமல்ஸின் பாட்டு வந்து பட்டையைக் கிளப்பியதும், டிலன் பாடினால் அனிமல்ஸைக் காப்பி அடிக்கிறார் என்றார்கள். அவரும் நிறுத்தினார் என்று வான் ராங்க் சிரித்துக்கொண்டே சொல்வாராம்.

அனிமல்ஸ் இதைப் பதிந்தது 1964 மே 18, லண்டனில். சக் பெர்ரியோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த நேரம். இரவோடு இரவாக வந்து, ஒரே தடவையில் பாடி முடித்து, அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். நான்கரை நிமிடப் பாட்டை அந்தக் காலத்தில் வானொலியே போடாது. இது பிரிட்டன், அமெரிக்கா இரு நாடுகளிலும் முதலிடம் போயிற்று.

நாட்டுப்பாடல் என்பதால் எழுதியவர் என்று ஒருவரும் இல்லை, அமைத்தவருக்குத்தான் ராயல்டி. ஐந்து பேர் பெயரும் இசைத்தட்டின் லேபிளில் கொள்ளாது என்று ஒரே ஒரு பெயரைப் போட்டார்கள்: ஆர்கன் வாசித்த ஆலன் பிரைஸ். அகர வரிசையில் அவர் பெயர்தான் முதலில் வந்தது என்றும் ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. பணம் முழுக்க அவருக்கே போயிற்று, மற்ற நான்கு பேருக்கும் ஆயுசுக்கும் மனக்கசப்பு. பாட்டு தொடங்கும்போது ஒரு கம்பி ஒரு கம்பியாக ஏறி இறங்குகிற அந்தக் கிடார், இன்றைக்கும் எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை கிடார் கற்றாலும் முதல் மாதத்தில் தட்டுத் தடுமாறி வாசிப்பது, ஹில்டன் வாலன்டைனுடையது. லேபிளில் அவருக்கு இடம் இல்லை.